நடு அடுக்கு

2007-ல் பொறியியல் கல்லூரிக்குக் கிளம்பிய அன்று, ஆச்சி ஒரு போர்வையை மடித்துக் கொண்டுவந்து என் பெட்டிமேல் வைத்தாள். பழைய பருத்திச் சேலைகளை ஒன்றின்மேல் ஒன்றாக விரித்து, ஓரம் மடக்கி, கையாலேயே வரிசை வரிசையாக நூலோட்டிய போர்வை. மேலே அங்கங்கே ஒட்டுத்துண்டுகள். அதில் ஒரு சிவப்புத் துண்டு, பெரியப்பா குலசை தசராவுக்குக் காளி வேடம் போட்ட வருஷத்துத் துணி. "கோயம்புத்தூர் பக்கம் குளுருமாம்லா, கொண்டு போய்யா" என்றாள். நான் வேண்டாம் என்றேன். காரணம் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்தது. ஹாஸ்டலில் மற்ற பையன்கள் முன்னால் அதை விரிக்க எனக்கு வெட்கம். போகிற வழியில் திருச்செந்தூரில் அப்பா ஒரு பூப்போட்ட மில் போர்வை வாங்கித் தந்தார். ஆச்சி தன்னுடையதைத் திரும்ப எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். யாரும் கோபப்படவில்லை. அதனாலேயே நான் அதை சீக்கிரம் மறந்தும் போனேன்.

பத்து வருஷம் கழித்து பெங்களூரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆலிஸ் வாக்கரின் 'எவ்ரிடே யூஸ்' சிறுகதையை வாசித்துக்கொண்டிருந்தேன். பாதிக்கு மேல் ஓர் இடத்தில் அப்படியே நின்றுவிட்டேன். மகள் கல்லூரிக்குக் கிளம்புகிறாள். அம்மா ஒரு ஒட்டுப்போர்வையைக் கொடுக்கிறாள். பழைய பாணி என்று சொல்லி மகள் மறுக்கிறாள். கதையில் இது போகிறபோக்கில் வரும் ஒரு நினைவுதான், இரண்டு வரிகூட இருக்காது. எனக்கு ஆச்சியின் முதுகு ஞாபகம் வந்தது.

இந்தக் கட்டுரை அந்தக் கதையைப் பற்றியது. கூடவே, ஊசியே பிடித்தறியாத ஆட்கள் திடீரென்று ஒரு நாள் துண்டுத்துணிகளைச் சேர்த்துத் தைக்க ஏன் உட்காருகிறார்கள் என்பதைப் பற்றியது. எனக்கு இரண்டும் ஒரே கேள்விதான்.

*

கதை 1973-ல் வந்தது. அமெரிக்கத் தெற்கில் கிராமத்தில் வாழும் ஒரு கறுப்பினத் தாய் சொல்வதாக எழுதப்பட்டது. இளைய மகள் மேகி வீட்டோடு இருப்பவள், வீடு தீப்பிடித்தபோது உடம்பில் ஏறிய தழும்புகளோடு ஒடுங்கி நடப்பவள். மூத்தவள் டீ, படிக்கப் போனவள். இப்போது தன் பெயரை வாங்கெரோ என்று மாற்றிக்கொண்டு, கேமராவோடு ஊருக்கு வருகிறாள். அம்மாவையும் வீட்டையும் ஒரே சட்டகத்தில் வைத்துப் படமெடுக்கிறாள். வெண்ணெய் கடையும் மரச்சாமான் வேண்டும் என்கிறாள். அப்புறம் பெட்டியிலிருந்து இரண்டு குவில்ட்களை எடுத்துக்கொண்டு வந்து, இவை எனக்கு என்கிறாள்.

குவில்ட் என்பது மூன்று அடுக்கு. மேலே துண்டுகளைச் சேர்த்த துணி, நடுவில் பஞ்சோ பழந்துணியோ, கீழே ஓர் அடித்துணி. மூன்றும் நகராமல் ஊடே ஓடும் தையல்தான் குவில்டிங். டீ கேட்கும் குவில்ட்களில் அவளுடைய பாட்டி ஐம்பது வருஷத்துக்கு முன்பு உடுத்திய உடைகளின் துண்டுகள் இருக்கின்றன. தீப்பெட்டி அளவுக்கு ஒரு நீலத்துண்டு, உள்நாட்டுப் போரில் கொள்ளுத்தாத்தா போட்டிருந்த சீருடையிலிருந்து வந்தது. அம்மா இரண்டையும் மேகியின் கல்யாணத்துக்காக வைத்திருக்கிறாள். மேகிக்குக் கொடுத்தால் தினமும் போர்த்திக் கந்தலாக்கிவிடுவாள் என்கிறாள் டீ. நீ என்ன செய்வாய் என்று கேட்டால், மாட்டி வைப்பேன் என்கிறாள். மேகி விட்டுக்கொடுக்கிறாள்: குவில்ட் இல்லாமலும் பாட்டியை நினைவில் வைத்திருக்க அவளால் முடியும். அந்த இடத்தில் அம்மாவுக்கு என்னவோ ஆகிறது. டீயின் கையிலிருந்து பிடுங்கி மேகியின் மடியில் போடுகிறாள்.

உலகம் முழுக்கக் கல்லூரிகளில் பாடமாக இருக்கும் கதை. வழக்கமான வாசிப்பு நமக்கெல்லாம் தெரிந்ததுதான். மேகி மரபை வாழ்கிறவள், டீ அதைக் காட்சிப்பொருளாக்குகிறவள். அம்மா சரியான முடிவெடுத்தாள், நாம் கைதட்டிவிட்டு வெளியே வரலாம்.

எனக்குக் கைதட்ட முடியவில்லை. வாசிக்கிற நாம் எல்லோரும் டீக்கள்தானே? மேகி இந்தக் கதையை வாசிக்கப் போவதில்லை. வகுப்பறையில் அதை வைத்து விவாதிப்பது, ஊரை விட்டு வந்து, ஊரைப் பற்றி ஓர் அபிப்பிராயம் உருவாக்கிக்கொண்ட ஆட்கள். டீயைப் பார்த்துச் சிரிக்கும்போது நாம் நம்மையே வேறு யாரோ போலக் கேலி செய்துகொள்கிறோம். அது சுகமான கேலி. வாக்கர் டீக்கு ஒரு கருப்புக் கண்ணாடியை மாட்டி அனுப்பிவைக்கும்போது அந்தச் சுகம் இன்னும் கொஞ்சம் கூடுகிறது. கதையின் பலவீனம் என்று நான் ஒன்றைச் சொல்வதென்றால் அது இதுதான்: கதை டீக்கு ஒரு வழியையும் திறந்துவைக்கவில்லை. ஒரு காலத்தில் வெட்கப்பட்டவள், பிறகு ஆசைப்பட்டால் அது பாசாங்காகத்தான் இருக்கும் என்று அது முடிவுகட்டிவிடுகிறது.

ஆனால் கதைக்குள் ஒரு சின்ன விஷயம் இருக்கிறது, பலரும் தாண்டிப் போவது. குவில்ட்கள் கந்தலானால் என்ன என்று கேட்கும்போது அம்மாவின் வாதம் உணர்ச்சிகரமானதாக இல்லை, நடைமுறை வாதம். மேகி வேறு தைத்துக்கொள்வாள், அவளுக்குத் தைக்கத் தெரியும். டீக்கும் மேகிக்கும் உள்ள உண்மையான வித்தியாசம் சுவரா கட்டிலா என்பதில் இல்லை. ஒருத்திக்குத் தைக்கத் தெரியும், ஒருத்திக்குத் தெரியாது. டீ கேட்க மறந்தது ஒரே ஒரு கேள்வி: எனக்குச் சொல்லித் தருவியா?

ஊசி எடுத்த டீ என்று ஒரு மூன்றாவது பாத்திரம் கதையில் இல்லை. கதைக்கு வெளியே இருந்தார். பின்னாளில் 'த கலர் பர்ப்பிள்' (1982) எழுதிக்கொண்டிருந்தபோது வாக்கர் தானே ஒரு குவில்ட் தைத்துக்கொண்டிருந்ததை அந்த நாவல் உருவான கதையைச் சொல்லும் கட்டுரையில் எழுதியிருக்கிறார். கல்லூரிக்குப் போனவர், ஊரை விட்டு வந்தவர், கையில் துணியோடு. அந்த நாவலிலும் சீலியும் சோஃபியாவும் ஒரு துரோகத்துக்குப் பிறகு சமாதானமாவது கிழிந்த திரைச்சீலைகளை வெட்டிச் சேர்ந்து தைக்கும்போதுதான். 1973-ல் மூடிய கதவை வாக்கர் ஒன்பது வருஷம் கழித்துத் தன் கையாலேயே திறந்தார் என்று வாசிக்கவே எனக்கு விருப்பம்.

*

அந்த ஒன்பது வருஷத்துக்குள் அமெரிக்காவில் இன்னொன்று நடந்தது. குவில்டிங் ஒரு பொழுதுபோக்காக மாறியது. குளிருக்குப் போர்வை தேவைப்பட்ட வீடுகளில் விலை மலிந்த மில் கம்பளி வந்து பழைய தேவை ஏற்கெனவே தீர்ந்துபோயிருந்தது. 1971-ல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் பழைய குவில்ட்களை நவீன ஓவியங்களைப் போலச் சுவரில் மாட்டிக் கண்காட்சி வைத்தது. 1976-ல் நாட்டின் இருநூறாவது ஆண்டு வந்தபோது பாட்டிகளின் கைவேலைகள் தேசிய நினைவாயின. 1979-ல் ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் பீட்ஸா வெட்டும் சக்கரம் போல ஒரு உருளைக் கத்தியைக் கொண்டுவந்தது. தையற்காரர்களுக்காக வந்த கருவியை குவில்ட் தைப்பவர்கள் சொந்தமாக்கிக்கொண்டார்கள். நாள்கணக்கில் கத்தரியால் வெட்டியதை மணிக்கணக்கில் வெட்ட முடிந்தது. தேவை போனது, மதிப்பு வந்தது, வேகம் வந்தது.

தேவை தீர்ந்த வீட்டிலிருந்து ஒரு தலைமுறை தள்ளித்தான் பொழுதுபோக்கு பிறக்கும் போல. இது குவில்ட்டுக்கு மட்டுமல்ல. எங்கள் உடன்குடிக் கருப்பட்டியையே பாருங்கள். சீனி வாங்க வக்கில்லாத வீட்டுக் காப்பியில் கிடந்தது. இன்றைக்குப் புவிசார் குறியீடு வாங்கி, பெங்களூரில் ஆர்கானிக் கடையில் கண்ணாடிக் குடுவைக்குள் உட்கார்ந்திருக்கிறது. பனையேறிகளின் பேரன்மார்கள்தான் அதை ஃபோட்டோ எடுத்துப் போடுகிறோம்.

இந்த மாற்றத்தில் உறுத்தலான பகுதி எது என்று காட்டியது ஜீஸ் பெண்ட். அலபாமா ஆற்றின் வளைவுக்குள் கிடக்கும் கறுப்பின கிராமம். பலருக்கும் குடும்பப் பெயர் பெட்வே. அது அவர்களுடைய முன்னோரை அடிமைகளாக வைத்திருந்த தோட்ட முதலாளியின் பெயர். 1960-களில் வாக்காளராகப் பதிவு செய்ய ஆற்றைக் கடந்து போனார்கள் என்பதற்காகப் படகுப் போக்குவரத்தையே நிறுத்தினார்கள். அது திரும்ப வந்தது 2006-ல். அந்த ஊர்ப் பெண்கள் குளிருக்காகத் தைத்த குவில்ட்கள் 2002-ல் ஹூஸ்டனிலும் பிறகு விட்னியிலும் சுவரேறின. விமர்சகர்கள் மத்தீஸையும் பால் க்ளேயையும் துணைக்கு அழைத்தார்கள். 2006-ல் தபால்தலை வந்தது. 2007-ல் அன்னி மே யங், லொரெட்டா பெட்வே உள்ளிட்ட தையல்காரிகள், தங்கள் வேலையிலிருந்து வந்த பணத்தில் தங்களுக்கு உரிய பங்கு வரவில்லை என்று வழக்குப் போட்டார்கள். அடுத்த வருஷம் சமரசமாக முடிந்தது.

மத்தீஸோடு ஒப்பிட்டது தப்பு என்று நான் சொல்லவில்லை. அந்தக் குவில்ட்களின் படங்களைப் பார்த்தால் எவருக்கும் மூச்சு நிற்கும். ஆனால் ஓவியமாகப் பார்க்கும்போது மேல்துணி மட்டும்தான் கண்ணில் படும். அதே ஜீஸ் பெண்டில் மிசௌரி பெட்வே என்ற பெண் 1942-ல் தைத்த குவில்ட் ஒன்று உண்டு. புருஷன் செத்த பிறகு, அவர் வயல்வேலைக்குப் போட்ட உடுப்புகளைக் கிழித்து, மகளைத் துணைக்கு வைத்துக்கொண்டு தைத்தார். அவரை நினைத்துக்கொள்ளவும், அதன் அடியில் போர்த்திப் படுத்துக்கொள்ளவும் என்று அம்மா சொன்னதாக மகள் பின்னாளில் நினைவுகூர்ந்தார். முட்டி தேய்ந்து வெளிறிய இடமெல்லாம் அந்தத் துணியில் அப்படியே இருக்கிறது. இது தேவையா, நினைவா, கலையா? அந்த வீட்டில் போர்வையும் இல்லை, புருஷனும் இல்லை. இரண்டுக்கும் சேர்த்து ஒரே வேலை. தேவைக்காகத் தைத்தவர்கள் வேறு, மனசுக்காகத் தைக்கிறவர்கள் வேறு என்று நாம் போடும் கோடு அந்தக் காலத்திலேயே சரியாக விழவில்லை.

*

தையலுக்குள் மனசு எப்படி ஏறுகிறது என்பதைத் துப்பறியும் கதையாகவே எழுதியவர் சூசன் கிளாஸ்பெல். நிருபராக இருந்தபோது அயோவாவில் ஒரு கொலை வழக்கைப் பற்றி எழுதியவர், பிறகு அதிலிருந்து 'ட்ரைஃபிள்ஸ்' நாடகத்தையும் (1916) ஒரு சிறுகதையையும் (1917) உருவாக்கினார். புருஷன் கழுத்தில் கயிறு இறுகிச் செத்துக் கிடக்கிறான். பெண்டாட்டி மீது சந்தேகம். ஆண்கள் மாடியிலும் கொட்டகையிலும் தடயம் தேடுகிறார்கள். சமையலறையில் காத்திருக்கும் இரண்டு பெண்கள் பாதியில் நிற்கும் குவில்ட் கட்டங்களைப் பார்க்கிறார்கள். எல்லாத் தையலும் சீராகப் போகிறது, கடைசிக் கட்டத்தில் மட்டும் தாறுமாறு. அதைப் பார்த்ததும் அவர்களுக்குப் புரிகிறது. ஒருத்தி அந்தத் தையலைப் பிரித்துச் சீராகத் தைக்க ஆரம்பிக்கிறாள். சாட்சியத்தை அழிக்கிறாள் என்று சட்டம் சொல்லும். பக்கத்து வீட்டுக்காரி வேறென்ன செய்ய முடியும்?

வங்காளத்தில் ஜசீமுத்தீனின் 'நக்ஷி காந்தார் மாட்' (1929) ஒரு போர்வையைச் சுற்றி எழுதப்பட்ட நெடும்பாடல். ஊரை விட்டு ஓடிப்போன புருஷனுக்காகக் காத்திருக்கும் ஷாஜு, தங்கள் வாழ்க்கை முழுவதையும் காந்தாவில் பூத்தையலாகப் போடுகிறாள். செத்தபிறகு அதைத் தன் கல்லறைமேல் விரிக்கச் சொல்கிறாள். திரும்பி வந்த ரூபாய் அந்தப் போர்வையைச் சுற்றிக்கொண்டு அங்கேயே இறந்துகிடக்கிறான். கிளாஸ்பெல்லின் பெண்கள் தையலை வாசித்துவிட்டு வாயை மூடிக்கொள்கிறார்கள். ஷாஜு தன் தையலை ஊரே வாசிக்கட்டும் என்று விரிக்கிறாள். தைத்தது ஒரு எழுத்து என்பதில் இரண்டு பேருக்கும் சந்தேகமே இல்லை.

நிஜத்திலும் ஆட்கள் இப்படித்தான் ஊசிக்கு வருகிறார்கள். எய்ட்ஸில் செத்தவர்களுக்காக அமெரிக்காவில் ஆரம்பித்த நினைவுக் குவில்ட்டில் ஒவ்வொரு துண்டும் மூன்றடிக்கு ஆறடி, ஒரு குழி அளவு. 1987 அக்டோபர் 11-ல் வாஷிங்டன் புல்வெளியில் முதன்முறை விரித்தபோது 1,920 துண்டுகள். தைத்தவர்களில் பலர் அதுவரை ஒரு பொத்தான்கூடத் தைத்தறியாதவர்கள். நம் கரையில், 2004 சுனாமிக்குப் பிறகு, ஆரோவில்லின் உபாசனா வடிவமைப்புக் கூடத்தில் மிஞ்சிய துண்டுத்துணிகளை வைத்து மீனவப் பெண்கள் தைத்த குட்டிப் பொம்மைதான் சுனாமிகா. விற்பதில்லை, பரிசாகத்தான் கொடுப்பார்கள். கடல் வீட்டை எடுத்துக்கொண்டு போன பிறகு கைக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது. பேறுகாலம், மரணம், ஓய்வுபெற்ற அடுத்த நாள், 2020-ன் ஊரடங்கு. விசாரித்துப் பாருங்கள், யாரும் சும்மா இருக்கப் பிடிக்காமல் மட்டும் ஆரம்பித்திருக்க மாட்டார்கள். ஏதோ ஒன்று இல்லாமல் போயிருக்கும், இல்லாவிட்டால் புதிதாக ஒன்று வந்திருக்கும்.

*

அப்படியானால் நம்மிடம் ஏன் இது பொழுதுபோக்காகக்கூட மிஞ்சவில்லை?

பக்கத்து மாநிலங்களில் இருக்கிறது. மராட்டியில் கோதடி, வட கர்நாடகத்தில் கௌதி. உத்தர கன்னடக் காட்டோரம் வாழும், ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்களான சித்திப் பெண்கள் தைப்பது கவந்தி. கவந்தியை வெளி ஓரத்தில் தொடங்கி உள்நோக்கிச் சுற்றிச் சுற்றித் தைத்து நடுவில் முடிப்பார்கள். நாலு மூலையிலும் மடித்த முக்கோணத் துணிகளை வைத்துத் தைப்பார்கள், அதற்குப் பெயர் பூ. பூ வைக்காத கவந்தி அம்மணமானது என்பது அவர்கள் கணக்கு.

வங்காளத்தின் காந்தா என்ற சொல், கந்தல் துணியைக் குறிக்கும் வடசொல்லிலிருந்து வந்தது. நம்முடைய கந்தையும் அதேதான். அங்கே அந்தச் சொல் போர்வையாகி, பூத்தையலாகி, இன்றைக்குப் பட்டுச்சேலையில் ஏறிப் பல ஆயிரம் ரூபாய்க்கு விற்கிறது. இங்கே அது கசக்கிக் கட்ட வேண்டிய ஒன்றாகவே நின்றுவிட்டது. அந்தப் பழமொழியை நான் வெறுக்கவில்லை, அதில் ஒரு மானம் இருக்கிறது. ஆனால் அந்த மானம், ஒட்டு வெளியே தெரியாமல் பார்த்துக்கொள்ளும் மானம். இலக்கணத்தில் நூற்பதற்கு மரியாதை உண்டு. நன்னூல் பாயிரம் நூல் எழுதுவதைப் பஞ்சை நூற்கும் பெண்ணுக்கு ஒப்பிடுகிறது. ஒட்டுப்போடுவதற்கு நாம் வைத்திருப்பது வசவு. ஒரு நாவல் சரியில்லை என்றால் "ஒட்டுப்போட்ட மாதிரி இருக்கு" என்று மதிப்புரை எழுதுகிறோம். நானே எழுதியிருக்கிறேன்.

என் தொழிலே ஒட்டுப்போடுவது என்பதுதான் இதில் வேடிக்கை. மென்பொருளில் பிழைதிருத்தத்தை பேட்ச் என்போம். துளையிட்ட காகிதச்சுருளில் நிரல் எழுதிய காலத்தில், தப்பான துளைமேல் உண்மையாகவே காகிதம் ஒட்டித் திருத்தினார்கள். அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. பத்து வருஷமாக மாசம் பிறந்தால் பேட்ச் அனுப்பி சம்பளம் வாங்குகிறேன். ஒட்டுப்போர்வையைப் பார்த்துத்தான் வெட்கம்.

*

கதையை வாசித்த அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே அம்மாவுக்கு ஃபோன் போட்டேன். ஆச்சி செத்து நாலு வருஷம் ஆகியிருந்தது. அந்தப் போர்வை எங்கே என்று கேட்டேன். பெங்களூர் வீட்டில் ஹால் சுவர் ஒன்று காலியாக இருந்தது என்பதையும் சொன்னேன்.

"அதப் போயி செவத்துல மாட்டப் போறியாக்கும்? வாறவங்க என்ன நெனைப்பாங்க, கஞ்சிக்கு வழியில்லாத வீடுன்னா?"

நான் சமாளித்தேன். இப்பல்லாம் அது கலை என்றேன். அமெரிக்காவில் தபால்தலையே வந்திருக்கிறது என்றேன். அம்மா கேட்டுக்கொண்டாள். அப்புறம் சொன்னாள்: "அது சித்தி வீட்டுக்குப் போயிட்டுய்யா. ஒந் தங்கச்சிக்குப் பேறுகாலம்லா. புள்ளைக்கி விரிக்க அதவிட மெத்துனு வேற எது இருக்கு?"

வாக்கரின் கதை எனக்கு நடந்தேவிட்டது. பிடுங்கி மடியில் போட யாரும் தேவைப்படவில்லை, அது தானாகவே மேகியிடம் போய்ச் சேர்ந்திருந்தது. சித்தி மகளிடம் கேட்கலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன் என்பதையும் எழுதிவிட வேண்டும். கேட்கவில்லை.

அதற்கு அடுத்த மாசம் பெங்களூரில் ஒரு வாராந்திர வகுப்பில் சேர்ந்தேன். பத்துப் பேரில் நான் ஒருவன்தான் ஆண். முதல் நாள் ஒரு துணிக்கட்டு வாங்கச் சொன்னார்கள். ஒன்றோடொன்று நிறம் பொருந்துகிற மாதிரி தேர்ந்தெடுத்து, சதுரமாக வெட்டி, ரிப்பன் கட்டி வைத்த புதுத் துணி. விலை, ஆச்சி வாழ்நாளில் வாங்கிய எந்தச் சேலையைவிடவும் அதிகம். நல்ல துணியைத் துண்டாக்கி, கந்தல் மாதிரி சேர்த்துத் தைக்கக் காசு கொடுக்கிறேன். இதைவிட டீத்தனம் வேறென்ன இருக்க முடியும்? இந்தப் பொழுதுபோக்கு மேல் எனக்கிருக்கும் பெரிய புகாரே இதுதான். மிச்சத்திலிருந்து பிறந்த ஒன்றுக்கு மிச்சத்தையே விலைக்கு விற்கிறார்கள்.

ஆனாலும் கை வேறு எதையோ கற்றுக்கொண்டது. ஒவ்வொரு இணைப்பிலும் தையலுக்குக் கால் அங்குலம் விடச் சொல்வார்கள். எனக்கு அது கொஞ்சம் கூடிக் கூடிப் போனது. ஒவ்வொரு துண்டிலும் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்குதானே என்று விட்டேன். பன்னிரண்டு கட்டம் சேர்ந்த வரிசையில் பதினோரு தையல், ஒரு தையலுக்கு இரண்டு துண்டு. கடைசியில் வரிசை ஒன்றேகால் அங்குலத்துக்கும் மேல் குட்டையாகி, பக்கத்து வரிசையோடு சேரமாட்டேன் என்றது. சின்னப் பிழை கூட்டல் வட்டியாகச் சேர்வது என் தொழிலில் எனக்குத் தெரிந்ததுதான், ஆனால் விரல் அதை முதல்முறையாகப் புரிந்துகொண்டது. ஆச்சிக்கு ஸ்கேல் இல்லை, மேஜை இல்லை. விடிலியில் பதநீர் காய்ச்சி, சிரட்டையில் ஊற்றிக் கருப்பட்டி எடுத்து முடித்த கையால், தரையில் விரித்துப்போட்டுத் தைத்தாள். அவள் தையல் எவ்வளவு நேராக இருந்தது என்பது, என்னுடையது கோணலானபோதுதான் தெரிந்தது.

நடு அடுக்குக்கு வகுப்பில் பாலியஸ்டர் பஞ்சு கொடுத்தார்கள். ஆச்சி என்ன வைத்திருப்பாள் என்று அம்மாவிடம் கேட்டேன். சேலைதான், வேறென்ன என்றாள். ரெண்டு நாள் கழித்து அவளாகவே கூப்பிட்டாள். "தாத்தா வேட்டி ரெண்டு உள்ள கெடக்கு. அவ்வோ பனையேறப் போகும்போது கெட்டுறது. கலயத்துல தடவுற சுண்ணாம்புக் கறை போகவே இல்ல, அதனால மேல போடலன்னா. எனக்கு அப்ப பதினாலு வயசு. நாந்தான் மறுமுனையப் புடிச்சேன்."

தாத்தா செத்தபோது அம்மாவுக்கு வயது பதினாலு.

நான் அந்தப் போர்வையைச் சின்ன வயசு முழுக்கப் போர்த்தியிருக்கிறேன், எனக்குத் தெரியவில்லை. சுவரில் மாட்டியிருந்தால் காலத்துக்கும் தெரிந்திருக்காது. வாக்கரின் கதையில் சுவருக்கும் கட்டிலுக்கும் நடக்கும் சண்டையில் இரண்டு பக்கமுமே மேல்துணியைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று இப்போது தோன்றுகிறது. மாட்டுகிறவருக்கு மேல்துணி தெரியும். போர்த்துகிறவருக்குச் சூடு தெரியும். நடுவில் என்ன கிடக்கிறது என்பது தைத்தவருக்கும், மறுமுனையைப் பிடித்தவருக்கும் மட்டும்தான் தெரியும். ஊருக்கு வெளியே போன எங்களைப் போன்றவர்கள் இந்த வயசில் ஊசியை எடுப்பதற்குப் பொழுதைப் போக்குவது ஒரு காரணமாக இருக்கலாம். எனக்கு அது, மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டுமா என்று ரொம்பத் தாமதமாகப் போய்க் கேட்பது. ஆச்சியிடம் கேட்டிருக்க வேண்டியதை அம்மாவிடம் கேட்கிறேன்.

தங்கச்சி மகளுக்கு இப்போது நடக்கிற வயசெல்லாம் தாண்டி, பள்ளிக்கூடம் போகிறாள். போர்வை ஒரு பக்கம் கிழிந்துவிட்டதாம். கிழிந்த இடத்தில் வெள்ளையாக ஏதோ தெரிகிறது என்று போன தசராவுக்கு ஊருக்குப் போனபோது தங்கச்சி காட்டினாள். சுண்ணாம்புக் கறை பழுப்பாக இருந்தது. அது என்னவென்று அவளுக்குச் சொன்னேன். ஒட்டுப்போட்டுத் தரட்டுமா என்று கேட்டேன். "நீயா?" என்று சிரித்தாள். ஆனால் கொடுத்தாள்.

ஒட்டுக்குப் பொருத்தமான பழைய துணி என்னிடம் இல்லை. வாங்கிய துணியை அதன்மேல் வைக்க மனசு வரவில்லை. அம்மாவிடம் கேட்கவும் தயக்கம், மறுபடியும் கஞ்சிக்கு வழியில்லாத பேச்சு வரும். போன மாசம் ஊரிலிருந்து கருப்பட்டிப் பார்சல் வந்தது. வழக்கமாகச் செய்தித்தாளில் சுற்றியிருக்கும். இந்தத் தடவை ஒரு சேலையில் சுற்றியிருந்தது. நான் பள்ளிக்கூடம் படிக்கும்போது அம்மா உடுத்திய, சின்னக் கட்டம் போட்ட பச்சைச் சேலை. ஃபோனில் கேட்டதற்கு, "கருப்பட்டி ஒடையாம வரணும்லா, அதுக்குத்தான்" என்றாள். அப்புறம், "முடிச்ச உள்பக்கமாப் போடு, புள்ளைக்கிக் குத்தும்" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.